லாவெண்டர், டீ ட்ரீ, யூக்கலிப்டஸ்: சின்ன பாட்டில் எண்ணெய்கள் எங்கிருந்து வருகின்றன, எதற்கு உதவும்?

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் லாவெண்டர், டீ ட்ரீ, யூக்கலிப்டஸ் மூன்றும் 10 மி.லி. பாட்டில்களாக வாங்கியிருக்கிறீர்கள். இவை நம் ஊர்த் தைலம் மாதிரிதானா, எங்கிருந்து வந்தவை, தூக்கத்துக்கும் சளிக்கும் உண்மையிலேயே கேட்குமா, 3 வயதுப் பிள்ளைக்கு நெஞ்சில் தேய்க்கலாமா, வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி இரண்டுக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்க வேண்டாம். பிள்ளைக்குத் தேய்க்கவும் வேண்டாம். நான் குலசேகரம் பக்கம் கிராம்பு எண்ணெய் வடிக்கும் தொழிலில் இருப்பவன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததையும் படித்துத் தெரிந்ததையும் வைத்து மற்றதை எழுதுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை. ஒடிவு முறிவு பார்க்கும் வர்ம ஆசான்கள் காயத்திருமேனி தைலம் வைத்திருப்பார்கள். வீட்டில் பிள்ளைத் தைலம், தலைக்குக் காய்ச்சிய எண்ணெய் என்று ஏதாவது ஒன்று இருக்கும். இவையெல்லாம் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ மூலிகைச் சாற்றையும் அரைத்த விழுதையும் போட்டு, பதம் பார்த்துக் காய்ச்சி இறக்குபவை. பாட்டிலில் பெரும்பங்கு எண்ணெய்தான், மூலிகையின் சத்து அதில் கொஞ்சம் இறங்கியிருக்கும். நீங்கள் வாங்கியதோ வேறு சாதி. அதில் தேங்காய் எண்ணெயும் கிடையாது, நல்லெண்ணெயும் கிடையாது. செடியின் இலையிலோ பூவிலோ பட்டையிலோ நுண்ணிய பைகளில் தேங்கியிருக்கும், காற்றில் பறந்துபோகக்கூடிய மணப்பொருளை மட்டும் தனியாகப் பிரித்து அடைத்தது. வெள்ளைக் காகிதத்தில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஒரு சொட்டு, யூக்கலிப்டஸ் ஒரு சொட்டு வைத்து மறுநாள் பாருங்கள். முதலாவது கறையாக அப்படியே நிற்கும். இரண்டாவது போன இடம் தெரியாது.

பிரித்தெடுப்பது பெரும்பாலும் வாலையில்தான், அதாவது ஆவியாக்கி வடிக்கும் கலத்தில். பெரிய பாத்திரத்தில் இலையையோ மொட்டையோ அடைத்து, அடியிலிருந்து நீராவியை ஏற்றுவோம். மணப்பொருள்கள் தனியாகக் கொதிக்க 150, 200 பாகைக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் நீராவியோடு சேர்ந்தால் இரண்டின் ஆவியழுத்தமும் கூடுவதால் 100 பாகைக்குள்ளேயே ஆவியாகி வந்துவிடும். அதனால்தான் எண்ணெய் கருகுவதில்லை. ஆவி, குளிர்ந்த தண்ணீர் சுற்றிய சுருள்குழாய் வழியாக வந்து தண்ணீராகவும் எண்ணெயாகவும் பிரிந்து விழும். எலுமிச்சைப்புல், யூக்கலிப்டஸ், லாவெண்டர் எல்லாவற்றிலும் எண்ணெய் தண்ணீருக்கு மேல் மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். முதன்முறை பார்ப்பவர்கள் எண்ணெயே வரவில்லை என்றுதான் நினைப்பார்கள். கலங்கல் தண்ணீருக்கு அடியில் வெளிர்மஞ்சள் மணிகளாகச் சேர்ந்து, மெல்ல ஒன்றோடொன்று கூடும். இரும்புப் பாத்திரம் இதற்கு ஆகாது. கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினால் இரும்போடு பட்டால் எண்ணெய் கறுத்துவிடும், அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.

எவ்வளவு கிடைக்கும் என்பது செடிக்குச் செடி மாறும். காய்ந்த கிராம்பு 100 கிலோவுக்கு 15 கிலோவுக்கு மேல் எண்ணெய் தரும், இது அபூர்வமான தாராளம். பச்சை எலுமிச்சைப்புல் 100 கிலோவுக்கு அரைக் கிலோ வந்தாலே நல்லது. 1 கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,500 கிலோவுக்கும் மேல் பூ வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் விலையைப் பார்த்தே பாதி உண்மை தெரிந்துவிடும்.

வாலையின் இன்னொரு பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். வயிற்று வலிக்குக் கொடுக்கும் ஓம வாட்டர், ஓமத்தை வடிக்கும்போது எண்ணெயோடு இறங்கும் தண்ணீர். எண்ணெயின் சுவடு மட்டுமே அதில் கரைந்திருக்கும். அதைக் கொஞ்சம் குடிக்கிறோம் என்பதற்காக ஓம எண்ணெயைக் குடிக்க முடியாது.

சரி, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். நறுமணத்தின் மீதுள்ள ஆசை நமக்கு மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையில் மாதவி குளிப்பதற்குப் பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை என்று பல மூலிகை, மணச்சரக்குகள் ஊறிய தண்ணீர் வருகிறது. கூந்தலுக்கு அகில் புகை ஊட்டுவார்கள். ஆனால் அவை ஊறவைத்தும், அரைத்தும், புகைத்தும் பெற்ற மணங்கள். எகிப்தியர்களும் கொழுப்பிலும் எண்ணெயிலும் ஊறவைத்துத்தான் மணம் எடுத்தார்கள். கிளியோபாட்ரா பயன்படுத்திய எண்ணெய் என்று இன்று பாட்டிலில் எழுதி விற்பது விளம்பரம். ஆவியில் வடிப்பதை ஒரு முறையாக எழுதிவைத்தவர்கள் அரபு, பாரசீக அறிஞர்கள். 9ஆம் நூற்றாண்டில் அல் கிந்தி நறுமணங்களைப் பற்றியும் வடித்தலைப் பற்றியும் ஒரு நூலே எழுதினார். பாரசீகப் பன்னீர் உலகெங்கும் போனது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இன்றும் செம்புப் பானையில் பூவைப் போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி, மூங்கில் குழாய் வழியாக ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் செய்கிறார்கள்.

மணத்தை மருந்து என்று தனிப் பெயரிட்டு அழைத்தது பிரான்சில். ரெனே மோரிஸ் கட்டபோசே என்ற வேதியியலாளருக்கு 1910இல் ஆய்வகத்தில் தீ விபத்து. அவர் எரியும் கையை லாவெண்டர் எண்ணெய்த் தொட்டியில் முக்கினார், உடனே ஆறிவிட்டது என்று எல்லாரும் சொல்லும் கதை தவறு. அவரே எழுதியது வேறு. புல்தரையில் உருண்டு தீயை அணைத்தார். பிறகு புண்ணில் அழுகல் நோய் பிடித்தது, அதை லாவெண்டரால் கழுவியபோது அடங்கியது என்பதே அவர் சொன்னது. 1937இல் அரோமாதெரபி என்ற பெயரிலேயே புத்தகம் போட்டார். அதன்பின் ராணுவ மருத்துவர் ழான் வால்னே இந்தோசீனப் போரில் காயம்பட்டவர்களுக்கு இந்த எண்ணெய்களைப் பயன்படுத்தி, 1964இல் தன் நூலை வெளியிட்டார். எண்ணெயில் கலந்து உடம்பில் தேய்க்கும் பழக்கத்தைப் பரப்பியவர் மார்கரெட் மோரி. இன்று ஸ்பாக்களில் நடப்பது பெரும்பாலும் அவர் வழி.

கிராம்பின் கதை நமக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அதன் தாய்வீடு இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் விலையைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ள, தங்களுக்கு வேண்டிய தீவுகளில் மட்டும் மரத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் வெட்டிச் சாய்த்தார்கள். 1770இல் பியர் ப்வாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் முயற்சியால் நாற்றுகள் மொரீசியசுக்குக் கடத்தப்பட்ட பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது. இந்தியாவுக்குள் கிராம்பு நுழைந்த இடம் குற்றாலம். 1800ஐ ஒட்டி கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு வாசனைப்பயிர்த் தோட்டம் வைத்து நட்டது. நன்றாக வரவே, 1850க்குப் பிறகு நீலகிரிக்கும் தென் திருவிதாங்கூர் மலைகளுக்கும் பரவியது. அந்தத் தென் திருவிதாங்கூர்தான் 1956க்குப் பிறகு நம் மாவட்டமானது. மாறாமலை, கரும்பாறை பக்கம் இன்று நிற்கும் தோட்டங்களின் வேர் அங்கே இருக்கிறது. 2021இல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மொட்டு பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்குத் திரும்பும்போது, பூ விரிவதற்கு முன் பறிக்க வேண்டும். விரிந்துவிட்டால் எண்ணெய் குறைந்துவிடும். மலைச்சரிவில் உயரமான மரத்தில் ஏணி வைத்து, கொத்தாகக் கையால் ஒடிப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. கிளை எளிதில் முறியும். கடையில் ஒரு கைப்பிடி கிராம்பு வாங்கும்போது அதன் விலையைப் பற்றிப் பேசும் நாம், அந்த ஏணியையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். நரம்பை மரக்கச் செய்வது அதுதான். பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடோடு யூஜினாலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பது இன்றும் நடக்கிறது. பல்வலிக்கு வீட்டில் பயன்படுத்துவதாக இருந்தால் தேங்காய் எண்ணெயில் கலந்து, பஞ்சில் தொட்டு, பல்லின் குழியில் மட்டும் வையுங்கள். ஈறில் அப்படியே ஊற்றினால் புண்ணாகிவிடும். வலி அடங்கினாலும் சொத்தை அங்கேயேதான் இருக்கும், பல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

தோவாளைப் பூச்சந்தையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விடியும் முன்பே பிச்சியும் மல்லிகையும் கொழுந்தும் மலையாகக் குவியும் இடம். இவ்வளவு பூவும் இருக்க ஏன் நம் ஊரில் மல்லிகை எண்ணெய் இல்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மல்லிகையும் பிச்சியும் வாலைக்கு ஒத்துவராது. ஆவியின் சூட்டில் அந்த மணம் கெட்டுப்போகும். ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து முதலில் மெழுகு போன்ற ஒன்றை எடுப்பார்கள், பிறகு சாராயத்தில் கரைத்து அதிலிருந்து மெழுகைப் பிரிப்பார்கள். 1,000 கிலோ பூவுக்குக் கடைசியில் கிடைப்பது ஒன்றரை கிலோ போல. பறித்த சில மணி நேரத்தில் செய்தாக வேண்டும். கரைப்பானைப் பிடித்துத் திரும்ப எடுக்கும் ஆலை வேண்டும். அதனால் 200 ரூபாய்க்கு அசல் மல்லிகை எண்ணெய் என்று யாராவது கொடுத்தால் அது செயற்கை வாசனை, சந்தேகமே வேண்டாம். வாசனைக்காக மட்டும் என்றால் அதில் குற்றமில்லை. அசல் என்று சொல்லி விற்பதுதான் அநியாயம்.

இன்னொன்று எலுமிச்சைப்புல். நம் பக்கத்துப் பெரியவர்கள் புல்தைலம் என்பார்கள். திருவிதாங்கூர் மலையோரங்களில் ஓடைக்கரையில் வாலை போட்டு வடித்து, கொச்சித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானதால் உலகச் சந்தையில் அதற்குக் கொச்சி எண்ணெய் என்றே பெயர். அதிலுள்ள சிட்ரல் என்ற மணப்பொருளிலிருந்து வைட்டமின் ஏ வரை செய்தார்கள். வீட்டில் தரை துடைக்கும் தண்ணீரில் நாலைந்து சொட்டு விட்டால் நன்றாக இருக்கும். தோலுக்கு மிகவும் நீர்த்துத்தான், இல்லாவிட்டால் அரிக்கும்.

இப்போது உங்கள் மூன்று பாட்டில்கள். லாவெண்டர் மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி, பிரான்சிலும் பல்கேரியாவிலும் ஏராளமாக விளைகிறது. சமீப காலமாக ஜம்முவின் பதேர்வா பகுதியிலும் நன்றாக வருகிறது. லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு பொருள்களும்தான் அதன் மணத்தின் உயிர். மூக்கிலிருந்து வரும் மண உணர்வு மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்கு மிகக் குறுக்கு வழியில் போகிறது. அதனால் ஒரு மணம் மனதை அமைதிப்படுத்துகிறது என்பது வெறும் கற்பனையில்லை. பதற்றத்துக்கு லாவெண்டரை அளவிட்ட மாத்திரையாக ஜெர்மனியில் கொடுத்து நல்ல முடிவுகளும் கண்டிருக்கிறார்கள். அது மருந்தாகத் தயாரித்த சரக்கு, உங்கள் பாட்டிலுக்குப் பொருந்தாது. தலையணை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் படுத்தால் மனசு கொஞ்சம் இளகும், அந்த அளவுக்கு நம்பலாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் அதற்குக் காரணம் தேட வேண்டும், பாட்டிலை மாற்றிப் பயனில்லை.

டீ ட்ரீ ஆஸ்திரேலியச் செடி, நம் தேயிலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கிருமியை அடக்கும் குணம் அதற்கு உண்மையிலேயே உண்டு. 1990இல் ஆஸ்திரேலியாவில் முகப்பருவுக்கு 5 சதவீத டீ ட்ரீயையும் வழக்கமான பரு மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டீ ட்ரீ மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. 5 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். பாட்டிலிலிருந்து நேராக முகத்தில் தடவுவது அதைப் போல் இருபது மடங்கு. வாயில் படக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால் அதன்மேல் தேய்க்கவே கூடாது. பூனையின் ஈரலால் இதை உடைத்து வெளியேற்ற முடியாது.

யூக்கலிப்டஸும் ஆஸ்திரேலிய மரம்தான். 1843இல் விறகுக்காக நீலகிரிக்கு வந்தது, பிறகு அதன் உதிர்ந்த இலையை வடிப்பது ஊட்டிப் பக்கத்துக் குடிசைத் தொழிலானது. அதிலுள்ள சினியோல் என்ற பொருள் சளியைக் கொஞ்சம் இளக்கும். புதினாவின் மெந்தால் வேறு விதம். மூக்கிலுள்ள குளிர் உணரும் நரம்பைத் தூண்டுவதால் அடைப்பு விட்டதுபோல் தோன்றும், அளந்து பார்த்தால் காற்று போகும் வழி பெரிதாகியிருக்காது. அந்தத் தோற்றமே இரவில் படுக்க உதவும் என்றால் பெரியவர்களுக்கு நல்லதுதான். ஆவி பிடிக்கும்போது ஒரு சொட்டு போதும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பாத்திரத்தை மடியில் வைக்காதீர்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இந்தக் காரமான மணமே மூச்சிறைப்பைக் கிளப்பிவிடலாம்.

பிள்ளை விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. யூக்கலிப்டஸும் கற்பூரமும் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக் கூடியவை, கொஞ்சம் விழுங்கினாலே போதும். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கிக் குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் பாசத்தோடு செய்வது, அது எனக்குத் தெரியும். ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், குழந்தை கையை வாயில் வைக்கும். பூஜைக் கற்பூரமோ டர்பன்டைனிலிருந்து செயற்கையாகச் செய்தது, உடம்பில் தேய்ப்பதற்கென்று தயாரித்ததும் அல்ல. அமெரிக்க அரசு 1980களிலேயே தேய்க்கும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. என் தொழிலே கிராம்பு எண்ணெய், அதனால் இதையும் மறைக்க மாட்டேன்: 5 முதல் 10 மி.லி. கிராம்பு எண்ணெய் விழுங்கிய 2 வயதுக் குழந்தை நினைவிழந்து, வலிப்பு வந்து, ஈரலும் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூட்டுவலிக்குத் தேய்க்கும் விண்டர்கிரீன் எண்ணெய் இதைவிடப் பயங்கரம். ஒரு தேக்கரண்டியில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமமான சரக்கு இருக்கிறது. பிள்ளைக்குச் சளி என்றால் வெதுவெதுப்பான தண்ணீரும், மூக்குக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டும், மூச்சு இழுத்தால் மருத்துவரும்தான்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது இன்னும் மோசம். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே ஓடுங்கள்.

பெரியவர்கள் உடம்பில் தேய்ப்பதற்கு 30 மி.லி. தேங்காய் எண்ணெயில் ஆறு சொட்டு என்பது ஏறக்குறைய 1 சதவீதம். அதில் தொடங்குங்கள். முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். தண்ணீரில் சொட்டு விட்டுக் குளிப்பது நல்லதென்று நினைக்கிறார்கள், ஆனால் எண்ணெய் தண்ணீரில் கரையாது, மிதந்து வந்து ஓரிடத்தில் தோலில் ஒட்டி எரிக்கும். எலுமிச்சை, பெர்கமோட் போன்ற பழங்களின் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெய்களைத் தடவிக்கொண்டு நம் வெயிலில் இறங்கினால் கறுத்துக் கொப்பளிக்கும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

வாங்கும்போது பாட்டில் அடர்நிறக் கண்ணாடியாக இருக்கிறதா, செடியின் தாவரவியல் பெயரும் எந்தப் பாகத்தில் எடுத்தது என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன காகிதச் சோதனை, மலிவான எண்ணெயில் கலந்து விற்பதைக் காட்டிக்கொடுக்கும். வெட்டிவேர், சந்தனம் போன்றவை இயல்பாகவே நாள்கணக்கில் காகிதத்தில் தங்கும், அவற்றைச் சந்தேகப்பட வேண்டாம். செயற்கை மணம் கலந்திருந்தால் காகிதம் காட்டாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மூன்றையும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், அடுப்புச் சூடு படாத அலமாரியில் வையுங்கள். லாவெண்டரை இரவில் தலையணைக்கும், யூக்கலிப்டஸைப் பெரியவர்கள் ஆவி பிடிக்கவும், டீ ட்ரீயை நீர்த்துப் பருவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். டீ ட்ரீ காற்றுப் பட்டுப் பழசானால் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். அதனால் திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி வைத்து, ஒரு வருடம் தாண்டினால் தரை துடைக்கும் தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள்.